விக்கலுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு மருந்தல்ல

அன்புள்ள கண்ணா,

புதிய கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்திய பிறகும் விளையாட்டு விக்குகிறது, படம் நின்று நின்று ஓடுகிறது என்று நீ தொலைபேசியில் சொன்னபோது, "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. சொல்ல வேண்டியது நீளமானது. நீயோ கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் பெரிய கார்டாக வாங்கிவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். வாங்காதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது வாங்காதே.

நீ சொன்னவற்றுள் ஒன்று என் காதிலேயே தங்கிவிட்டது: "சராசரி நூறு எஃப்பிஎஸ் வருகிறது அம்மா, ஆனால் கை ஒட்டவில்லை." இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார். எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை ஃபிரேம்கள், அதாவது எத்தனை படங்கள், திரைக்கு வருகின்றன என்ற எண். ஒரு நொடியில் 100 ஃபிரேம்கள் வருகின்றன. அவற்றில் 99 ஃபிரேம்கள் தலைக்கு 8 மில்லிநொடியில் வந்துவிட்டால் 792 மில்லிநொடி ஆகிறது. மிஞ்சிய ஒரே ஒரு ஃபிரேம் 208 மில்லிநொடி எடுத்துக்கொண்டாலும் மொத்தம் ஒரு நொடிதான், திரை மூலையில் இருக்கும் எண்ணும் 100 என்றே காட்டும். ஆனால் அந்த நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உன் திரை உறைந்து நின்றிருக்கிறது. அதற்குள் எதிரி கதவைத் தாண்டிப் போய்விட்டான். ஆகவே அந்த எண்ணை அணைத்துவிட்டு, ஃபிரேம் நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும் வரைபடத்தை இயக்கு. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லிநொடி, 144 என்றால் 6.9. கோடு எந்த உயரத்தில் ஓடுகிறது என்பது இரண்டாம்பட்சம். எங்கே முள் மாதிரி குத்திட்டு எழுகிறது என்பதுதான் உனக்கு வேண்டிய தகவல்.

எனக்கு இது டூம் விளையாடிய நாட்களில் புரிந்தது. 1993 டிசம்பரில் வெளிவந்த அந்த விளையாட்டு நொடிக்கு 35 ஃபிரேம்களுக்கு மேல் வரையாது. அது பயன்படுத்திய விஜிஏ திரை நொடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படும், எனவே ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு புதுப்பிப்புகளுக்கு நிற்கும். இன்று 35 என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் கணினிக்குப் போதிய வலு இருந்தால் அந்த முப்பத்தைந்தும் தாளம் தப்பாமல் வந்தன, கையும் ஒட்டியது. என் முதல் கணினியான 386-க்கு அந்த வலு இல்லை. அதற்கும் விளையாட்டிலேயே ஒரு வழி இருந்தது: ஒரு விசையை அழுத்த அழுத்தப் படம் சுருங்கிக்கொண்டே போய், சுற்றிலும் வெற்றுச் சட்டம் பெரிதாகும். முழுத் திரையே 320-க்கு 200, அதாவது 64,000 புள்ளிகள்தான். அதிலும் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்து, படத்தை அஞ்சலட்டை அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கும்படி உட்கார்ந்துதான் முதல் பகுதியை முடித்தேன்.

பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்). இன்று சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் ஆகிய நுட்பங்கள் செய்வதும் அடிப்படையில் அதே பேரம்தான். 4கே திரையில் பெர்ஃபார்மன்ஸ் என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் கார்டு உண்மையில் வரைவது 1920-க்கு 1080, ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள். திரைக்கு வேண்டியதோ ஏறத்தாழ 83 லட்சம். மீதி முக்கால் பங்கை இப்போதைய பதிப்புகள் முந்தைய ஃபிரேம்களில் கண்டதை வைத்து ஊகித்து நிரப்பிவிடுகின்றன. என் அஞ்சலட்டையோடு ஒப்பிட்டால் இது அரண்மனை, வெட்கப்படாமல் பயன்படுத்து. ஃபிரேம் ஜெனரேஷன் மட்டும் வேறு கதை. வரைந்து முடித்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைத் தானாகக் கற்பித்து நுழைக்கிறது. எண் ஏறும், அசைவு வழுவழுப்பாகும், ஆனால் மவுஸை நீ நகர்த்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையிலுள்ள தாமதம் குறையாது. சற்றுக் கூடவும் செய்யும். முப்பதை அறுபதாக்க அதை நம்பினால் கண்ணுக்கு 60, கைக்கு 30. உன் கை ஏற்கெனவே ஒட்டாமல் இருக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு மறைக்காதே.

விக்கல் எப்போது வருகிறது என்பதை நீ சொல்லவே இல்லை. மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார். புதிய இடத்தில் நுழையும்போதோ, ஒரு வெடிப்பு முதல் முறை தோன்றும்போதோ மட்டும் விக்கி, அதே இடத்துக்கு இரண்டாம் முறை போகும்போது விக்காமல் இருந்தால் அது ஷேடர் தொகுப்பு. ஒரு பரப்பு எப்படி ஒளிர வேண்டும், நிழல் எப்படி விழ வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்தான் ஷேடர். விளையாட்டோடு அது பொது வடிவத்தில்தான் வருகிறது. உன் கார்டுக்கும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் ஏற்றபடி அதை மாற்றுவது உன் பிராசஸரின் வேலை. கன்சோல்களில் எல்லாப் பெட்டியும் ஒன்றே என்பதால் முன்கூட்டியே மாற்றி அனுப்பிவிடலாம். ஸ்டீம் டெக்குக்கு வால்வ் நிறுவனம் அப்படித்தான் அனுப்புகிறது. நம்மிடம் ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு டிரைவர். விளையாட்டும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் டைரக்ட்எக்ஸ் 12 என்ற இடைமுகம் 2015-இல் வந்த பிறகு, எதை எப்போது தொகுப்பது என்ற பொறுப்பு பெருமளவு விளையாட்டை எழுதுபவர்களின் கைக்குப் போய்விட்டது. சிலர் அதைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார்கள், சிலர் நீ கதவைத் திறக்கும் கணத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். ஆகவே, ஷேடர்கள் தயாராகின்றன என்று ஒரு பட்டை ஊர்ந்துகொண்டிருந்தால் பொறுமை இழந்து அதைத் தாண்டாதே. டிரைவரைப் புதுப்பித்தாலும் கார்டை மாற்றினாலும் சேர்த்து வைத்ததெல்லாம் பயனற்றுப் போய், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நீ இரண்டையும் ஒரே நாளில் செய்திருக்கிறாய். புதுக் கார்டின் முதல் வாரத்தை வைத்து அதற்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமல்ல.

அப்படியில்லாமல் போன இடத்துக்கே போனாலும், திரும்பித் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் விக்கினால், கார்டின் நினைவகம் நிரம்பி வழிகிறதா என்று பார். கார்டுக்குள் நொடிக்கு நூற்றுக்கணக்கான ஜிபி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த டெக்ஸ்சர்கள், அதாவது பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள், இடமின்றிக் கணினியின் பொது நினைவகமான ராமுக்குத் தள்ளப்பட்டால், பிசிஐஇ 4.0 என்ற பாதையில் நொடிக்கு 32 ஜிபி அளவில் வந்து சேர வேண்டும். எட்டு வழிச் சாலை ஒற்றையடிப் பாதையில் முடிவது போன்றது அது. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கு. ஒரு படி இறக்கியதை விளையாடும்போது உன்னால் கண்டுபிடிக்க முடிந்தால் எனக்குச் சொல், என்னால் முடிந்ததில்லை.

ராமைப் பற்றி ஒரு ஐயம் எனக்கு உண்டு. நீ எல்லாவற்றையும் அவசரமாகப் பூட்டினாய். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ராம் போடுவதானால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் இரண்டும் ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொள்ளும். பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை நீயாக இயக்காதவரை டிடிஆர்5 ராம் பெரும்பாலும் 4800 என்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும்.

இதைக் கேட்டு உனக்கு ரோசம் வந்தால், என் கதையையும் கேட்டுக்கொள். ஆசை ஆசையாக 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன் அல்லவா? பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வித்தியாசத்தைக் கவனியுங்கள் என்று சொல்லி, அவர்களும் கவனித்ததாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஏழு மாதம் கழித்து விண்டோஸ் அமைப்புக்குள் வேறு எதையோ தேடப் போனபோதுதான் புதுப்பிப்பு வீதம் 60-இலேயே இருந்ததைப் பார்த்தேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. நீயும் போய்ப் பார்த்துவிடு. பார்க்கும்போதே ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் இயங்குகிறதா என்றும் பார்த்து, ஃபிரேம் வரம்பை மானிட்டரின் வீதத்துக்குச் சற்றுக் கீழே வை. பழைய வி-சிங்க் முறையில், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 17 மில்லிநொடி எடுத்துவிட்டால், அந்த அரை மில்லிநொடிக்கும் குறைவான தாமதத்துக்காக அடுத்த முறை வரும் வரை, அதாவது 33.3 மில்லிநொடி வரை, காத்திருக்க வேண்டும். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என்ற புதிய முறைகளில் திரை ஃபிரேமுக்காகக் காத்திருக்கிறது.

பெரிய கார்டு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை உனக்கு ஊட்டியவளே நான்தான் என்பதையும் மறைக்கப் போவதில்லை. அது உண்மையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ, முப்பரிமாணத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத கார்டு. சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு இருக்க வேண்டும், இரண்டையும் வெளியே ஒரு சிறு கேபிளால் இணைக்க வேண்டும். அவற்றில் சில கார்டுகளில் விளையாட்டைத் தொடங்கியதும் பெட்டிக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும்: படம் ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் சத்தம். அதன் பிறகு குவேக் விளையாட்டின் சுவர்கள் கட்டம் கட்டமாக உடையாமல் பளிங்கு போல் வழுவழுத்து நின்றன, அதுவும் 640-க்கு 480-இல். அந்த "டிக்" சத்தத்தைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கார்டிலும் அதையே தேடிக்கொண்டிருக்கிறோம். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனமே நிலைக்கவில்லை. அதன் சொத்துகளை வாங்கிக்கொள்வதாக 2000 டிசம்பரில் என்விடியா அறிவித்தது.

கடைசியாக வெப்பம். விளையாடத் தொடங்கி அரை மணி கழித்துத்தான் விக்கல் வருகிறது என்றால், மேலே சொன்ன எதையும் பார்க்காமல் கேபினட்டைத் திற. போன மாதம் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. பிராசஸர் 95 பாகையைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது, கோடு ரம்பப் பல்லாகிவிட்டது. திறந்தபோது பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு முன்னால் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் கிழியாமல் முழுசாகக் கழன்று வந்தது. விசிறியை விரலால் பிடித்துக்கொண்டுதான் காற்றடித்தேன். காற்றில் அதைச் சுழல விடக் கூடாது என்று உனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவள் ஆயிற்றே. அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்து, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினேன். இப்போது அதே விளையாட்டில் 72-ஐத் தாண்டுவதில்லை. கார்டு அதே பழைய கார்டுதான்.

அப்போதுதான் மேல்பக்கத்து வலையையும் கழுவலாம் என்று கழற்றினேன். அது காந்தப் பட்டியால் ஒட்டிக்கொள்ளும் வலை அல்லவா. அந்தப் பட்டியின் ஓரத்தில், தூசிக்குள் தூசியாக, ஒரு குட்டித் திருகாணி ஒட்டிக்கொண்டிருந்தது. நீ கிளம்புவதற்கு முதல் நாள் இரவு என் மேசையில் உட்கார்ந்து உன் கணினியைப் பூட்டியபோது, எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்பு அட்டையைப் பிடிக்கும் திருகாணி கை தவறி விழுந்து, இருவரும் டார்ச் விளக்கோடு தரையெல்லாம் தவழ்ந்து தேடினோமே, அதேதான். கடைசியில் நீ டேப் போட்டு ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். எஸ்எஸ்டி அந்தச் சூட்டில் டேப்பை நம்பிக் கிடப்பது எனக்கு அன்றிலிருந்தே உறுத்தல்; உன் விக்கலுக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

மின்னஞ்சலில் எழுதாமல் தாளில் எழுதியதற்கு அதுதான் காரணம். இரண்டாம் தாளின் அடியில் திருகாணியை ஒட்டியிருக்கிறேன். உறையைக் கிழிக்கும்போது பார்த்துக் கிழி. டேப்பை எடுத்துவிட்டு இதைப் போட்டு முடுக்கு, அழுத்தி முடுக்காதே. பிறகு ஒரு மணி நேரம் விளையாடி, அந்தக் கோட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா