ஏழாம் தேதிக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வங்கி வழிச் சம்பளம் குறித்து வெளிவந்த கட்டுரையில், இன்னமும் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுப்பவர்கள் கணக்கை மறைக்க நினைப்பவர்களே என்று ஒரு வரி இருந்தது. மன்னார்குடிக்கு அருகே 26 பேர் வேலை பார்க்கும் அரிசி ஆலையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் எனக்கு அந்த வரி மிகுந்த மனவருத்தம் தந்தது. ரொக்கமாகக் கொடுத்த காலம் முழுவதும் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிய சம்பளப் பதிவேடுகள் என் அலுவலக அலமாரியில் இன்றும் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயலால் மின்சாரம் போய் ஏடிஎம்கள் மூடிக் கிடந்தபோது, பெட்டியில் இருந்த ரொக்கத்தை அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் எண்ணிக் கொடுத்ததும் அதே பதிவேட்டில் உள்ளது.

நானும் வங்கி முறைக்கு மாறியவன்தான். ஒரு சம்பளப் பட்டுவாடா நிறுவனத்திடம் ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் மொத்தத் தொகையை என் கணக்கிலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கணக்கிலும் போட வேண்டும். பழைய வங்கிகள் இணைக்கப்பட்டு, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் மாறிய 2021இல் இரண்டு பேர் சம்பளம் திரும்பி வந்தது. அது என்னிடம் வராமல் அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே பல நாள் கிடந்தது. மற்றொரு மாதம் என் கணக்கில் சில ஆயிரம் குறைந்ததால் மொத்தத் தொகையையுமே எடுக்க முடியாமல் போய், அபராதமும் விழுந்து, 26 பேருக்கும் அன்று சம்பளம் இல்லாமல் போயிற்று. ரொக்கமாக இருந்திருந்தால் இருபது பேருக்காவது அன்றே கொடுத்து, மிச்சப் பேருக்கு மறுநாள் கொடுத்திருப்பேன்.

கடந்த பொங்கலுக்கு நடந்ததை எப்படி மறப்பேன்? சம்பா நெல் கொள்முதலுக்கு ஒவ்வொரு ரூபாயும் தேவைப்படும் நேரத்தில், ஜனவரி 3ஆம் தேதி பணம் என் கணக்கை விட்டுப் போய்விட்டது. தொழிலாளர்களுக்குக் கிடைத்ததோ போகிக்கு முந்தைய நாள். களத்தில் நெல் துழாவும் அம்மா ஒருவர், மடியில் செருகியிருந்த பாஸ்புக்கை எடுத்து விரித்து, "ஐயா, ஒண்ணும் ஏறலைங்களே, பேத்திக்குத் துணி எடுக்கணும்" என்று கேட்டு நின்றார். அவர் விரல் வைத்துக் காட்டிய கடைசி வரியில் நவம்பர் மாதச் சம்பளம்தான் இருந்தது. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தால், கோப்பில் பிழை, சரிசெய்கிறோம் என்ற ஒரே பதில். ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கிக் கொடுத்தேன்.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்து இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பு வரை தொடரும் விதி என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தொழிலாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமலே வங்கியில் செலுத்தலாம் என்று 2017இல் திருத்தமும் வந்தது. ஆனால் என் கணக்கை விட்டுப் போய், அவர் கணக்குக்கு வந்து சேராத பணத்துக்கு அந்த இடைப்பட்ட நாட்களில் பதில் சொல்ல வேண்டியவன் நான் மட்டுமே. சட்டமும் என்னைத்தான் கேட்கும். அந்த அம்மாவும் என்னைத்தான் கேட்டார். கட்டுரையாளர் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: சம்பளம் கணக்கில் ஏறாவிட்டால் தொழிலாளி யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்த ஆவணத்துடன் முறையிட வேண்டும் என்பதை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். வெட்டி எடுத்து ஆலை வாசலில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரிசி ஆலை உரிமையாளர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.