எங்க தெருவுக்கு நெட்டு கொண்டாந்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு சின்ன கிராமம், எங்க தெருவுல முக்காவாசி பேரு நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலைன்னு போறவங்கதான். 2025 தை மாசத்துல இருந்து எங்க சமுதாயக்கூடத்துல நெட்டு ஓடுது. உதவுனவங்க ஒருத்தரும் பேரு போட வேணாம்னுட்டாங்க, அதனால முறை வச்சே சொல்றேன், யாருன்னு உங்களுக்கே தெரியும்.

2020ல ஸ்கூல் மூடுனப்ப என் தம்பி எட்டாவது. வீட்டுல இருந்த ஒரே டச் போன் அப்பாகூட திருப்பூர் போயிருச்சு. அவன் கல்வித் தொலைக்காட்சி பாத்து எழுதுவான், வாட்ஸ்அப்ல வர்ற பாடத்துக்கு பக்கத்து வீட்டு போன கெஞ்சி வாங்கிட்டு வாய்க்கா மதகு மேல ஏறி நிப்பான், அங்கதான் சிக்னல் எடுக்கும். இப்ப டவர் பரவால்ல, ஆனா ரீசார்ஜ் பண்ண முடியலயே. 2024 ஜூலைல ரேட்டு ஏத்துனப்புறம் ஜியோல ஒரு நாளைக்கு ஒன்னரை ஜிபி வர்ற 28 நாள் பேக்கு 299 ரூவா ஆச்சு, அந்த வருசம் நூறு நாள் வேலைக்கு சட்டப்படி கூலியே 319, அதுவும் முழுசா கைக்கு வராது. ஒரு நாள் வெயில்ல மண்ணு வெட்டுனது ஒரு போனுக்கே சரியாப் போகுது, 28 நாளுங்கறதால வருசத்துக்கு 12 தடவ இல்ல, 13 தடவ போடணும்.

கேபிள் அண்ணே, மெயின் ரோட்டுல இருந்து எங்க தெரு வரைக்கும் வயர் இழுத்ததுக்கு நீங்க ஆள் கூலிகூட வாங்கல. மாசம் 499, ஜிஎஸ்டி சேத்தா 589, அத 22 வீடு பிரிச்சா வீட்டுக்கு 27 ரூவா. அதுவும் குடுக்க முடியாத ஆறு வீட்டுக்கு சிங்கப்பூர்ல இருக்க சித்தப்பா போடுறாரு. பழைய பேட்டரி குடுத்த மெக்கானிக் மாமா, ஐப்பசி மழையில கரண்டு போனாலும் பிள்ளைங்க உக்காந்து படிக்குதுங்க.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆன தாத்தாவுக்கு நான் என்ன சொல்ல. எங்க அப்பாயிக்கு நாத்து நட்டு நட்டு ரேகை தேஞ்சு போச்சு, ரேகை வைக்கிற மிஷின் எடுக்காது, ஓடிபி கேக்கும், ரீசார்ஜ் முடிஞ்சு ரொம்ப நாளானா ஓடிபியும் வராது. 2024 டிசம்பர்ல, போன் கம்பெனிங்களுக்கு விதி போடுற டிராய் விதியை மாத்துச்சு, நெட்டு வேணாங்கறவங்களுக்கு பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கு கம்பெனிங்க தரணும்னு, அத வீடு வீடா போய் சொன்னது இவருதான். சாயங்காலம் திண்ணையில உக்காந்து ஒவ்வொரு ஆத்தாவுக்கும் மெசேஜ படிக்க, ஓடிபிய யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு புரிய வைக்க, ஒரே விசயத்த பத்து தடவ கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாரு. வயர் வந்தா மட்டும் போதாதுங்க, இப்படிப் பொறுமையா பக்கத்துல உக்கார ஒரு ஆளு வேணும், எங்க ஊருக்கு அதுதான் பெரிய உதவின்னு நான் நெனைக்கிறேன்.

பொம்பளப் புள்ளைங்க ராத்திரி ஏழு மணிக்கு சமுதாயக்கூடத்துல எதுக்குன்னு பேச்சு வந்தப்ப, சட்டம் படிக்கிற அக்கா, நீங்க வந்து பேசுனீங்க. ஹாஸ்டல்ல சாயங்காலம் தன் போன ஒப்படைக்க மாட்டேன்னு சொன்னதால வெளிய அனுப்பப்பட்ட ஒரு காலேஜ் பொண்ணு கேஸ் போட்டு, நெட்டு கெடைக்கறது படிப்பு உரிமையில சேந்ததுன்னு 2019ல கேரளா ஹைகோர்ட்டு சொன்னத தாய்மாருங்களுக்கு எடுத்துச் சொன்னீங்க. அடுத்த நாளே நாலு அம்மாக்கள் கூட காவலுக்கு வந்து உக்காந்தாங்க, இப்ப அவங்களும் கத்துக்கிறாங்க.

கடைசியா, ஆத்தூர் பக்கத்துல இருந்து அறுப்பு மிஷின் ஓட்டிட்டு வந்த அண்ணே. மாசியில உங்க வண்டி தட்டி எங்க வயர் அறுந்துச்சு. நீங்க போயிருக்கலாம், யாரும் பாக்கல. எறங்கி வந்து, மூங்கில் கழி கேட்டு வாங்கி, கேபிள் அண்ணன் வர்ற வரைக்கும் மத்த வண்டி ஏறாம வயர தூக்கிப் புடிச்சுட்டு நின்னீங்க, ஒரு மணி நேர வாடகை போச்சு. உங்க நம்பர் வாங்காம விட்டுட்டோம். இப்ப புது போஸ்ட்டு நட்டு வயர உசரத்துல கட்டியாச்சு, அடுத்த சம்பா அறுப்புக்கு தைரியமா எங்க தெரு வழியா வாங்க, அப்பாயி உங்களுக்கு சோறு போடணும்னு சொல்லிக்கிட்டே இருக்கு.