கோமதிக்கு அம்மா எழுதுவது

அம்பாசமுத்திரம்
புதன்கிழமை ராத்திரி

அன்பு மகள் கோமதிக்கு,

நானும் அப்பாவும் நலம். "அடுப்புல வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்" என்று நீ போனை வைத்துவிடுவது இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. நானும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர்மேல் கோபப்படாதே. ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் தனியாகச் சுமப்பார்?

திங்கட்கிழமை முதல் கீமோ, கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன் என்றார். ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்களே என்று கலங்காதே. அப்படியும் செய்வதுண்டு. மருந்து கேட்கிறதா இல்லையா என்பது கட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எதிர்வீட்டுப் பையன் சென்னைக்கு வருகிறான். அவனிடம் ஒரு பை கொடுத்துவிட்டிருக்கிறேன். தொலி உளுந்து, கருப்பட்டி, என் பழைய பருத்திச் சேலையில் தைத்த இரண்டு தொப்பி, ஒரு தெர்மாமீட்டர். தெர்மாமீட்டரைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள். கீமோ போட்டு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ரத்தத்தில் வெள்ளை அணு ரொம்பக் குறைந்து கிடக்கும். அப்போது 100.4 காட்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுத்துவிடாதே. அது சூட்டை இறக்கிக் காட்டும், உள்ளே கிருமி இருந்தால் அதை ஒன்றும் செய்யாது.

சிவப்பு மருந்து ஏற்றினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்துவிடாதே. வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாதே, எழுதிக்கொடுத்த நேரத்துக்குப் போடு. அந்த மாத்திரையால் வயிறு கட்டிக்கொள்ளும், தண்ணீர் நிறையக் குடி. வாயில் புண் வந்தால் உப்புத் தண்ணீரில் அடிக்கடி கொப்பளி, ஊறுகாய்ப் பக்கம் போகாதே. பதநீர், கரும்புச்சாறு, வெட்டி வைத்த பழம் எதுவும் இப்போது வேண்டாம். வெந்ததை மட்டும் சாப்பிடு. அத்தை ஏதாவது பச்சிலைக் கஷாயம் சொல்வாள். டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்காதே, யார் மனசு வருத்தப்பட்டாலும் சரி.

அப்புறம், பிடித்த சாப்பாட்டைக் கீமோ அன்றைக்குக் கொண்டுபோகாதே. முதல் தடவை அப்பா சொதியும் இஞ்சித் துவையலும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் தேங்காய்ப்பால் வாசனையே எனக்கு ஆகவில்லை.

எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை.

தலைமுடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். அதற்கு முன்பே ஒட்ட வெட்டிக்கொள். சீப்பு வைத்தால் கொத்தோடு வரும்போதுதான் தாங்க முடியாது. பேத்தியின் பெயர் வைப்புக்கு நான் மொட்டைத்தலையோடு வந்தேனே, நினைவிருக்கிறதா? திருச்செந்தூரில் நேர்த்திக்கடன் என்றேன். நீ என் தலையைத் தடவி, "எனக்காகவாம்மா?" என்று அழுதாய். அது நேர்த்திக்கடன் இல்லை கோமதி. முருகன் பெயரைச் சொல்லி உன்னிடம் பொய் சொன்னேன்.

2014-ல் உன் தலைப்பிரசவத்துக்கு நான் அழைத்துக்கொள்ளாதது வீட்டில் மராமத்து வேலை நடந்ததால் இல்லை. அந்த வருத்தம் உனக்கு இன்னும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அப்போது 21 நாளைக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மொத்தம் எட்டு தடவை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று உன்னிடம் சொன்னதும் பொய். மார்பில்தான்.

அதற்கும் முன்னால் எட்டு மாதம் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதைத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இப்படி ஒரு வீடு என்று பெயர் வந்துவிட்டால் சின்னவளை யார் கேட்டு வருவார்கள் என்று நினைத்தேன். அவள் கல்யாணமும் முடிந்தது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. என் அக்கா, உங்கள் செங்கோட்டைப் பெரியம்மை, வயிற்றுவலியில் போனதாகத்தான் உங்களுக்கெல்லாம் சொல்லி வைத்தோம். அவளுக்கும் இதேதான். 46 வயது.

உன் வீட்டில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை என்று நீ சொன்னாயாம். மாப்பிள்ளை அதைச் சொன்ன ராத்திரியிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் வாயைத் திறந்திருந்தால் நீ முன்னாலேயே போய்ப் பார்த்திருப்பாய். அடுத்தவர் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தேன், பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

கருப்பட்டிப் பொட்டலத்துக்கு அடியில் என் பழைய பயாப்சி ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் காகிதமும் இருக்கின்றன. திங்கட்கிழமை மருந்து ஏற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் கொடு. உனக்கு 39 வயதுதான் ஆகிறது. அம்மாவுக்கும் பெரியம்மைக்கும் இருந்தது என்று தெரிந்தால் மரபணு சோதனைக்கு எழுதுவார்கள். அதில் என்ன வருகிறது என்பதைப் பார்த்து ஆபரேஷனை எப்படிச் செய்வது என்பதையே மாற்றலாம். சோதனையில் ஏதாவது இருந்தால் சின்னவளும் அண்ணனும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்பிள்ளை வழியாகவும் அது பிள்ளைகளுக்குப் போகும். சின்னவளிடம் நானே பேசிவிடுகிறேன். அதையும் உன் தலையில் ஏற்ற மாட்டேன். நீ போகும் அடையாறு ஆஸ்பத்திரியை 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கினதே தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அப்போதுகூட என் வீட்டைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

எனக்கு அப்போது துணை முக்கூடல் அக்காதான். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏறும். பீடி சுற்றுகிறவள். இப்போது உனக்கு எழுதியதில் பாதி அவள் சொல்லிக்கொடுத்தது. ஐந்தாவது தடவையிலிருந்து வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அவளுக்கு விரல் நுனியெல்லாம் மரத்து, பீடி இலையே பிடிபடவில்லை. டாக்டரிடம் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பொறுத்துக்கொண்டே இருந்தாள். சொல்லியிருந்தால் அளவைக் குறைத்துப் பார்த்திருப்பார்கள். நீ எதையும் பொறுத்துக்கொள்ளாதே. சின்ன வயசில் முள் குத்தினாலும் மூச்சு விடமாட்டாய், அதை நினைத்துப் பெருமைப்பட்டவள்தான் நானும். இப்போது வேண்டாம். மரத்துப்போனாலும் சொல், தூக்கம் வராவிட்டாலும் சொல், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. அக்காவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவாள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் இருந்துவிடாதே. அவளிடம் அழலாம். எனக்குத் தெரிந்துவிடுமே என்று நினைக்க வேண்டாம், அவள் என்னிடம் சொல்ல மாட்டாள்.

வர வேண்டாம் என்றுதான் சொல்வாய். சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸுக்கு அப்பா டிக்கெட் போட்டுவிட்டார். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, கோபமாக இருந்தால் இரு. உளுந்தங்கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பேத்தியோடு அந்த அறையில் இருந்துகொள்கிறேன்.

100.4. மறந்துவிடாதே.

அம்மா