மருமகனின் 35%

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மருமகனின் மாற்றுத்திறனாளி சான்றிதழில் பாதிப்பு 35% என்று போட்டுவிட்டார்கள், இனி வேலைக்கு விண்ணப்பித்து என்ன பயன் என்று கேட்டிருக்கிறாய். பாதிதான் சரி.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40% என்கிற கோடு இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்குத்தான். பிரிவு 34 அரசு வேலையில் தரும் 4% ஒதுக்கீடு அவனுக்கு இல்லை. மதிப்பீடே தப்பு என்று தோன்றினால் பிரிவு 59-ன்படி மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தேர்வில் சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ள 40% வேண்டியதில்லை. எழுத உட்கார்ந்தால் விரல் இழுத்துக்கொள்ளும் ஒருவருக்காக, விகாஷ் குமார் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மறு ஆண்டே மத்திய அரசு அதற்கு வழிகாட்டுதலும் போட்டது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்று மணித் தேர்வென்றால் ஒரு மணி நேரம்.

சறுக்குவது இணைய விண்ணப்பத்தில்தான். ‘மாற்றுத்திறனாளியா?’ என்ற கட்டம் பெரும்பாலும் 40 சதவீதத்துக்கு மேலுள்ளவர்களைத்தான் கேட்கிறது. அதில் ‘ஆம்’ போட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் கழித்துவிடுவார்கள். ‘இல்லை’ போட்டுவிட்டு, 40 சதவீதத்துக்குக் குறைந்தாலும் எழுதச் சிரமமா என்று கேட்கும் தனி வரியைத் தேடச் சொல். அதற்கு 35% அட்டை போதாது. எழுதுவதில் தடை உண்டு என்று அரசு மருத்துவக் குழு தரும் தனிச் சான்று வேண்டும், அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் அதே படிவத்தில். கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் கிடைக்காது.

தனியார் கம்பெனி என்றாலும், மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி என்று சொல்லும் சமவாய்ப்புக் கொள்கை எழுத்தில் இருக்க வேண்டும். முதலில் அதைக் கேட்டு வாங்கச் சொல். அவனுக்கென்று சாய்வு மேசையோ குரல்வழித் தட்டச்சோ தேவைப்பட்டால், செலவை அவன் தலையில் கட்டக் கூடாது. அதே சட்டத்தின் 2017 விதிகளில் இது அப்படியே இருக்கிறது. பல மனிதவள அதிகாரிகளே படித்ததில்லை!

வீட்டு விஷயம் வேறு. அம்மாவுக்கு 60% இருப்பதால் அரசு வீட்டுத் திட்டத்துக்கு அம்மா பெயரிலேயே மனு போடு. பிரிவு 37-ல் 5% ஒதுக்கீடு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. தரைத்தளம் வேண்டும் என்பதை மனுவிலேயே எழுது. குலுக்கல் முடிந்தபின் மாற்றுவது பெரும்பாடு.

வாடகை வீட்டுக்காரரிடம் இந்தச் சட்டம் அவ்வளவாகச் செல்லாது. தனியார் வாடகைக்கென்று அதில் ஒரு பிரிவுகூட இல்லை. அதனால் சாய்தளம் போட அனுமதி என்பதை ஒப்பந்தப் பத்திரத்திலேயே சேர்த்துவிடு. முன்பணம் கொடுக்குமுன் வாசற்படியை அளந்து பார். சாய்தளத்துக்குப் படிகளின் உயரத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் வேண்டும். 15 செ.மீ. படி மூன்று இருந்தால் 5.4 மீட்டர். வாசலிலிருந்து தெருவரை அவ்வளவு இடம் இல்லையென்றால் வேறு வீடு பார்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்