501ஆவது யூனிட்

ஐயா,

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதற்குப் பதிலாக மாதாந்திர மின் கணக்கீடு வந்தால் கட்டணம் குறையும் என்று 2021 தேர்தலிலிருந்து பேசப்படுகிறது. விலை மாறும் யூனிட் வரம்புகளான அடுக்குகளையும் பாதியாக்கினால் குறையாது. 500 யூனிட் வரம்பு 250 ஆகிவிடுவதால், மே மாதம் 300, ஜூனில் 200 யூனிட் ஓடும் வீட்டுக்குக் கட்டணம் அதிகமாகும்.

உண்மையான அடி கணக்கெடுப்புத் தாமதத்தில்தான். சில நாள் தள்ளிப்போனால், அந்த நாள்களின் யூனிட்டும் சேர்ந்து 500ஐத் தாண்டிவிடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை ஒரு யூனிட் ரூ.2.25 ஆக இருந்தது. மொத்தம் 501 ஆனதும் அதே நூறு யூனிட்டுக்கும் தலா ரூ.4.50 ஆனது. அந்த யூனிட்டின் விலையும் சேர்த்து, கடைசி ஒரு யூனிட்டால் மட்டும் ரூ.233 கூடுதலானது! (ஏசி ஓடும் வீட்டில் ஒரு யூனிட் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடலாம்.)

கணக்கெடுக்க வேண்டிய நாளில் மீட்டர் பொத்தானை, யூனிட்டைக் குறிக்கும் 'கேடபிள்யூஎச்' (kWh) வரும்வரை அழுத்திப் படம் எடுத்து வையுங்கள். மின்சுமையைக் குறிக்கும் 'கேவிஏ' (kVA) எண் அல்ல. ஸ்மார்ட் மீட்டர் வரும்போது, 450 யூனிட்டிலேயே குறுஞ்செய்தி அனுப்ப மின்வாரியம் ஏற்பாடு செய்யட்டும்.

– மின் நுகர்வோர் ஒருவர், மதுரை