தம்பிக்கு, நாயனத்தைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து என் நினைப்பெல்லாம் உன் நாதஸ்வரத்தில் தெரிந்த அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. சாயரட்சை வாசித்துவிட்டுத் துடைக்கும்போது உலவின், அதாவது மரக்குழலின், மேல்பக்கம் தலைமுடி மாதிரி ஒன்று தெரிந்தது, கீறலா வெடிப்பா என்று புரியவில்லை என்றாய். போனில் பேசினால் பாதியை மறந்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பார். வழுக்கிக்கொண்டு போனால் கீறல், கவலையில்லை. நகம் மாட்டினால் வெடிப்பு. அப்படியானால் அன்றைக்கே வாசிப்பை நிறுத்திவிடு, இன்னொரு நாயனத்தை எடுத்துக்கொள். பதற்றத்தில் எண்ணெய் மட்டும் தடவிவிடாதே. வெடிப்புக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால் அப்புறம் பசை பிடிக்காது. கோட்டின் இரண்டு முனையிலும் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார். புள்ளியைத் தாண்டியிருந்தால் எனக்கு உடனே சொல்.

மேல்பக்கம்தான் முதலில் வெடிக்கும். உன் மூச்சின் சூடும் ஈரமும் முதலில் படுவது அங்கேதானே. உள்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பும். வெளிப்பக்கம் குளிர்ந்து காய்ந்து கிடக்கும். உள்ளே இருக்கிற மரம் தள்ளத் தள்ள, வெளியே இருப்பது எவ்வளவு நேரம்தான் தாங்கும்? நார் ஓடுகிற வழியாகவே பிளந்துகொள்ளும். நம் ஊரில் காற்றிலேயே ஈரம் உண்டு, அதனால் இந்தத் தொல்லை நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அங்கே டொராண்டோ குளிரில் ஹீட்டர் போட்ட அறையில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

உன் மாடியில் குடியிருக்கிற, ஓபோ என்கிற மேல்நாட்டு ஊதுகுழல் வாசிக்கிற அந்த அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொள். ஓபோ நம் நாயனத்துக்குச் சொந்தம்தான். அதற்கும் நாம் வாயில் வைத்து ஊதுகிற சீவாளி போல இரட்டை நாக்கு, அதற்கும் கீழே போகப் போக அகலும் துவாரம். ஆப்பிரிக்காவில் விளைகிற கருமரத்தில் செய்கிறார்கள்; இரும்பு மாதிரி இருக்கிற அந்த மரத்தையே குளிர் வெடிக்க வைக்கிறது. புது ஓபோவை முதல் சில வாரங்கள் நாளுக்கு 15, 20 நிமிஷத்துக்கு மேல் ஊத மாட்டார்கள், ஊதுவதற்கு முன்னால் மேல் துண்டை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதாகச் சொன்னாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நீயும் அப்படியே செய். பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறாராமே, அதையும் வாங்கிக்கொள். முள் 40-க்குக் கீழே இறங்க விடாதே.

வெளியிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறக்காதே. அரை மணி நேரம் அப்படியே அறையில் இருக்கட்டும். மண்டபத்தில் அவசரப்படுத்துவார்கள்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமானாலும் நீ முன்கூட்டியே போய்ச் சேர வேண்டுமே தவிர, நாயனத்தை அவசரப்படுத்தக் கூடாது.

இன்னொன்று. குளிர்ந்த குழலில் சுருதி இறங்கித்தான் பேசும். பெட்டிச் சுருதியோடு சேரவில்லையே என்று உடனே சீவாளியைச் சீவிவிடாதே, அடியில் விரிகிற அணசுப் பக்கத்துத் துளைகளில் மெழுகையும் மாற்றாதே. பத்து நிமிஷம் மெதுவாக வாசித்தால் குழல் சூடாகித் தானே ஏறிவரும். அவசரப்பட்டுச் சீவினவன் அன்றைக்கு முழுவதும் ஏறின சுருதியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. எனக்கு 22 வயது. ஒரு சித்திரைத் திருவிழா முடிந்து திரும்பும்போது தாத்தாவின் நாயனத்தை உறையோடு வேன் மேலே மூட்டைகளுடன் கட்டிவிட்டு, உள்ளே தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றினால் மெழுகு உருகி வழிந்து, உறை முழுக்க ஒட்டிக் கிடந்தது. மேலே ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, வேட்டி முனையால் மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டே இருந்தார், இருட்டும் வரைக்கும். ஆசாரி பூண் போட்டுச் சரிசெய்து கொடுத்தார். வாசித்தது, ஆனால் மேல் ஸ்தாயி பழையபடி நிற்கவேயில்லை.

உன் கையில் இருப்பது நரசிங்கம்பேட்டையில் செய்தது. நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதம் ஆசாரி உருவாக்கினாரே, அந்த நீளமான பாரி நாயனத்தின் வழியில் வந்த வாத்தியம். 2022-ல் அந்த ஊர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஆனாலும் வேலை செய்கிற குடும்பங்கள் கொஞ்சம்தான். மரமும் அப்படித்தான்: பச்சை ஆச்சா மரம் உதவாது, பழைய வீடுகளில் தூணாகவும் உத்திரமாகவும் நின்று பல வருஷம் காய்ந்த மரம் வேண்டும். அந்த வீடுகளே குறைந்துகொண்டு வருகின்றன. போனால் இன்னொன்று வாங்கலாம் என்று நினைக்க முடியாத பொருள் அது.

தினமும் செய்கிற வேலைகள் உனக்குத் தெரிந்ததுதான். வாசித்து முடித்ததும் சீவாளியை அது மாட்டியிருக்கிற உலோகக் குழாயான கெண்டையிலிருந்து கழற்று. கெண்டைக்குள் எச்சில் காய்ந்து படிந்தால் நாதம் கம்மும், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசு. உலவுக்குள் துணி விட்டு ஈரத்தை எடு. எண்ணெய் மாதம் ஒருமுறை போதும், மரம் நன்றாக உலர்ந்த பிறகு. நம் வீட்டில் நல்லெண்ணெய்தான் வழக்கம். சீவாளி டப்பாவில் காற்றுப் போக இரண்டு ஓட்டை இருக்கட்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்துவிடும். அந்த ஊர் வறண்ட காற்றுக்கு சீவாளி உதடு சீக்கிரம் பிளக்கும், வாய்க்குப் போகும் முன் நன்றாக நனைய விடு.

திருவாவடுதுறையில் சொல்லிக் கட்டிய சீவாளி 12 அனுப்பியிருக்கிறேன். சிவப்பு நூல் சுற்றியது ஆறும் கொஞ்சம் கனம், மண்டபக் கச்சேரிக்கு. வெள்ளை நூல் மெல்லிசு, கோயிலில் காலை நேரத்துக்கு. அம்மா பழைய பட்டுப் புடவையைக் கிழித்து, உலவுக்குள் இழுக்க நாலு துணி தைத்து வைத்திருக்கிறாள். பச்சைக் கரை உன் பாட்டியின் புடவை.

வந்ததும் சொல். அந்தக் கோட்டை வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, நாளைக்கே.

அன்புடன்,
அப்பா