ஃபாராமிர் விஷயத்தில் நீ சொன்னது

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா மூன்று தடவை போன் செய்தாளாம், நீ எடுக்கவில்லையாம். வேலையாக இருந்திருப்பாய் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். பெரியவனும் உன்னைப் பற்றி ஏதோ சொன்னான். நான் துருவிக் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப் போவதில்லை. ராத்திரி நேரத்தோடு படுக்கிறாயா?

வேறு விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன். உன் அலமாரியை ஒழுங்கு செய்தபோது 'தி டூ டவர்ஸ்' டிவிடி பெட்டி கிடைத்தது. டோல்கீன் புத்தகத்தை வைத்து எடுத்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையில் இரண்டாவது படம். காசு சேர்த்து வாங்கினாயே, அந்த நீளமான பதிப்பு. தியேட்டரில் ஓடியது 179 நிமிடம், இது 223. என்னோடு உட்கார்ந்து பாருங்கள் அப்பா என்று எத்தனை முறை கேட்டிருப்பாய். "கெடுத்தது போதாதென்று நீட்டி வேறு வைத்திருக்கிறார்களா" என்று சொல்லிவிட்டேன். போன வாரம் இரண்டு ராத்திரியாகப் பார்த்து முடித்தேன்.

சில புகார்களை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என்டுகள் விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. புத்தகத்தில் அந்த மரக் கிழவர்கள் மூன்று நாள் கூடிப் பேசி, தாங்களாகவே முடிவெடுத்து, கெட்ட மந்திரவாதியின் கோட்டையான ஐசன்கார்டை நோக்கிக் கிளம்புகிறார்கள். படத்திலோ, நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்குகிறார்கள். பிப்பின் என்கிற சின்ன உருவக்காரன் தந்திரமாக அழைத்துப் போய், வெட்டிச் சாய்த்த மரங்களைக் காட்டிய பிறகுதான் கோபம் வருகிறது. காட்டுக்கே காவலாளி, தன் காட்டில் மரம் விழுவதுகூடவா தெரியாமல் இருப்பான்?

ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கு ஹால்டிரின் தலைமையில் எல்ஃப் படை வந்து நிற்பதும் புத்தகத்தில் கிடையாது. அதற்காகத் தியேட்டரிலேயே முணுமுணுத்தேன், உனக்கு நினைவிருக்கும். சரி, அதை விடு. அந்தச் சண்டை தொடங்கும் இடத்தை இந்த முறை கவனித்தேன். மழை. இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கிறார்கள். ஒரு கிழவரின் கை தளர்ந்து அம்பு தானாகப் பாய்ந்துவிடுகிறது. எதிரில் ஒருவன் விழுகிறான். ஒரு கணம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய போர் ஒரு கிழவரின் கை நடுக்கத்தில் ஆரம்பிக்கிறது. உடனே புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அதில் இல்லை. இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. இரட்டை மனம் கொண்ட கோல்லம் தனக்குத்தானே பேசுகிற காட்சிக்கு அன்றே நான் மறுப்புச் சொல்லவில்லை, இன்றும் இல்லை.

இனி ஃபாராமிர், கோண்டோர் நாட்டை ஆளும் டெனதோரின் இளைய மகன். நாம் தியேட்டரிலிருந்து வீடு வரைக்கும் சண்டை போட்டது அவனுக்காகத்தானே. 2002 டிசம்பர், உனக்குப் பதினான்கு வயது. புத்தகத்தில் அவன், உலகையே ஆட்டிவைக்கும் அந்த மோதிரம் வழியில் கிடந்தாலும் தொட மாட்டேன் என்று சொல்லி, அதை அழிக்கச் சுமந்து போகும் ஃப்ரோடோவை அனுப்பிவிடுகிறவன். படத்தில் அதே ஆள் மோதிரத்தை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்பட்டு, ஃப்ரோடோவையும் அவன் தோழன் சாமையும் ஆஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துப் போகிறான். நல்லவனைக் கெடுத்துவிட்டார்கள் என்று கத்தினேன். படம் எடுத்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஷீலாப் என்கிற அந்தச் சிலந்தி புத்தகத்தில் இந்தப் பாகத்தின் கடைசியில் வருவது. அதை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டதால் ஃப்ரோடோவுக்கு இங்கே ஒரு தடங்கல் தேவைப்பட்டது. இது அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நீ அன்று சொன்னது இதைவிடப் பெரிய விஷயம். "புத்தகத்தில் அவன் முதலிலிருந்தே நல்லவன்ப்பா. படத்தில்தான் நல்லவனாக ஆகிறான்" என்றாய். பதினான்கு வயதில்! படம் பார்த்து நான் யோசித்ததையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது. நான் என்ன சொன்னேன்? "முதலில் புத்தகத்தை ஒழுங்காகப் படி, அப்புறம் பேசு. பெரியவன் உன் வயதில் இரண்டு முறை படித்துவிட்டான்" என்றேன். அதற்கப்புறம் வீடு வரும்வரை நீ வாய் திறக்கவில்லை. அப்படிப் பேசாமல் இருப்பது உனக்கு அப்போதிலிருந்தே பழக்கம். நல்ல பழக்கம் இல்லை அது, சொல்லிவிட்டேன்.

தியேட்டரில் வராத காட்சி ஒன்று இந்தப் பதிப்பில் இருக்கிறது. உனக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும், நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஆஸ்கிலியாத்தை மீட்ட நாள். அண்ணனும் தம்பியும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்பன் டெனதோர் வருகிறான். பெரியவனைக் கட்டிக்கொள்கிறான். வெற்றியில் தம்பிக்கும் பங்குண்டு என்று போரோமிர் சொல்லியும் கேட்கவில்லை. மோதிரம் பற்றிய ஆலோசனை நடக்கும் ரிவெண்டெலுக்கு நான் போகிறேன் என்று ஃபாராமிர் முன்னால் வருகிறான். உன்னை நம்பி அனுப்ப முடியாது, உன் அண்ணன்தான் என்னைக் கைவிடாதவன் என்கிற மாதிரி டெனதோர் பேசுகிறான். அந்தப் பையன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறான்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். சித்தப்பாவிடம் நான் போனில் பேசிக்கொண்டிருந்தேனே, அன்றைக்கு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். "சின்னவனை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது, பெரியவன் பார்த்துக்கொள்வான்." கேட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காத மாதிரி நடந்துகொண்டேன். நீயும் அப்படியே நடந்துகொண்டாய். இத்தனை வருஷம் நாம் இரண்டு பேரும் அதை நன்றாகவே நடித்துவிட்டோம். படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டோல்கீன் தன் மகன் கிறிஸ்டோஃபருக்கு 1944 மே மாதம் ஒரு கடிதம் எழுதினார். மகன் அப்போது விமானப் படையில் சேர்ந்து தென் ஆப்பிரிக்காவில் இருந்தார். கதைக்குள் புதிதாக ஒருவன் வந்துவிட்டான், அவனை நான் உருவாக்கவில்லை, வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, ஆனால் பிடித்திருக்கிறது, இதிலியன் காட்டுக்குள் நடந்து வந்துவிட்டான் என்று அதில் எழுதியிருக்கிறார். அந்த ஆள்தான் ஃபாராமிர். பல வருஷம் முன்னால் படித்தது. அதை உனக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். பெரியவனிடம் சொல்லியிருப்பேன்.

படத்தில், உயிர் போனாலும் போகட்டும் என்று அப்பனின் சட்டத்தை மீறி ஃப்ரோடோவை விட்டுவிடுகிறானே, அந்த இடத்தில் நீ சொன்னதுதான் சரி. புத்தகத்து ஃபாராமிருக்கு அது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

வேலை போவது வருவது எல்லார் வீட்டிலும் நடப்பது. பொதுவாகச் சொல்கிறேன். பணம் ஏதாவது தேவைப்பட்டால் அம்மாவிடம் சொல், என்னிடம் சொல்ல வேண்டும் என்றில்லை. அவள் போன் செய்தால் எடு. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

மூன்றாவது படத்தின் பெட்டியும் அதே தட்டில்தான் இருக்கிறது. டெனதோர் அதில் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். தனியாகப் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. நீ எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. பெட்டி அங்கேயே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நேரத்தோடு படு.

அப்பா